கேட்க மாட்டார்கள் என்ற கடன்

2012 மே மாதக் கடைசியில் என் வங்கிக் கணக்கில் ஒரே நாளில் இரண்டு வரவுகள் விழுந்தன. முதலாவது ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தது நாலாயிரத்துத் தொள்ளாயிரம். முதலாவதற்கு பேஸ்லிப் இருந்தது. வரி, தேசியக் காப்பீடு எல்லாம் பிடித்திருந்தார்கள், பிடிப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாலும். இரண்டாவதற்கு ஒரு கடன் பத்திரம் வந்தது. மனைவி இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"இது சம்பளமா, கடனா?"

"சம்பளந்தான். பேருக்குக் கடன்."

"கடன்னா திருப்பித் தரணும்ல?"

"கேக்க மாட்டாங்க."

"கேக்காத கடன எதுக்குக் கடன்னு எழுதுறாங்க?"

நான் சிரித்தேன். இந்த ஊர் ஏற்பாடு உனக்குப் புரியாது என்கிற சிரிப்பு. அவள் கேட்டதற்கு பிரிட்டன் உச்சநீதிமன்றம் பதில் சொல்ல இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

ஏற்பாடு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரெடிங் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் ஐ.டி. காண்ட்ராக்டராக வேலை செய்துகொண்டிருந்தேன். நாள் கூலி 350 பவுண்ட், மாதத்துக்கு 7,000. நேர்வழியில் ஒரு அம்பிரெல்லா நிறுவனத்தின் ஊழியராகச் சேர்ந்து சம்பளம் வாங்கியிருந்தால், முதலாளி பக்கத்துக் காப்பீடு, என் பக்கத்துக் காப்பீடு, வருமான வரி எல்லாம் போய் கையில் 4,100 அளவில் நின்றிருக்கும். இந்தத் திட்டத்தில் கிட்டத்தட்ட 5,900 நின்றது. எப்படி? குறைந்தபட்சக் கூலியை மட்டும் சம்பளமாகக் கொடுப்பார்கள். மீதி ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த ஒரு அறக்கட்டளைக்குப் போகும். அறக்கட்டளை அதை எனக்குக் கடனாகத் தரும். கடன் வருமானம் ஆகாது, ஆகவே வரி கிடையாது. இந்தச் சேவைக்கு நூற்றுக்குப் பதினாறு பவுண்ட் கமிஷன்.

2000 ஏப்ரலில் வந்த ஐ.ஆர்.35 சட்டம்தான் இதற்கெல்லாம் வாசல் திறந்தது. ஊழியர் மாதிரியே வேலை செய்துகொண்டு தனி நிறுவனம் வைத்து வரியைக் குறைப்பவர்களைப் பிடிக்க வந்த விதி அது. எது காண்ட்ராக்ட், எது மறைமுக உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை. குழப்பத்தில் பயம் வந்தது, பயத்துக்கு மருந்து விற்பவர்களும் வந்தார்கள். என்னிடம் பேசிய விற்பனைக்காரர் சொன்னவை இன்னும் நினைவிருக்கிறது. பெரிய வழக்கறிஞரின் சட்டக்கருத்து இருக்கிறது. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யில் பதிவு எண்ணே வாங்கியிருக்கிறோம். அந்த எண் நிஜம்தான். வரித் தவிர்ப்புத் திட்டங்களைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2004-ல் விதி வந்தது. தெரிவித்தால் ஒரு எண் கிடைக்கும். 'இது சந்தேகத்துக்குரியது, கவனிக்கிறோம்' என்பதற்கான அந்த எண்ணை அவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி எங்களிடம் காட்டினார்கள்.

*

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும் ஊர். கறிச்சோறு போட்டு, மேசை போட்டு உட்கார்ந்து, யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். பார்க்கிறவனுக்கு அது அன்பளிப்பு. ஆனால் எங்கள் அப்பாவின் மொய் நோட்டைத் திறந்தால் அன்பளிப்புக்கான தடயமே இருக்காது. இன்னார், இன்ன ஊர், இவ்வளவு, நாம் செய்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, வட்டி இல்லை. ஆனால் திருப்பிச் செய்யாமல் விட்டவன் டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

அங்கே 'கடன்' என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள், ஆனால் அது கடன். என் கையில் இருந்ததோ பன்னிரண்டு பக்கம் முழுக்கக் கடன், கடன் என்று அச்சடித்த பத்திரம், ஆனால் கூலி. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, எழுத்து ஒன்றாகவும் உண்மை வேறாகவும் இருக்க முடியும் என்பது புதிதில்லை. அதனால்தானோ என்னவோ அந்தப் பத்திரம் எனக்கு உறுத்தவில்லை. உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கவில்லை. மொய்யில் சொல் பொய்யாக இருந்தாலும், அது பொய் என்று கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஊருக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. என் பத்திரத்தில் இருந்த பொய் யாரோ ஒருவரை ஏமாற்றுவதற்காகவே எழுதப்பட்டது. அந்த யாரோ அரசாங்கம். அரசாங்கம் என்றால் நமக்கு ஆளே இல்லாத இடம். அதனால் யாரையும் ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. என் மகள் பிறந்ததும், அவளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது மூன்று நாள் வைத்துப் பார்த்துக்கொண்டதும் அந்த ஆளில்லாத இடத்தின் பணத்தில் நடந்த ஆஸ்பத்திரியில்தான். ஒரு பவுண்ட்கூடக் கேட்கவில்லை.

*

1930களில் பிரிட்டனில் ஒரு வழக்கு நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் பெரும் பணக்காரர். தன் தோட்டக்காரருக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் கொடுக்கும் கூலியை, ஆண்டுக்கு இவ்வளவு தருவதாக ஒப்புக்கொள்ளும் பத்திரமாக மாற்றினார். வீட்டு வேலைக்காரர் கூலிக்கு வரிச்சலுகை கிடையாது, பத்திரத்தின்படி கொடுப்பதற்கு உண்டு. தோட்டக்காரர் அதே தோட்டத்தில் அதே வேலையைச் செய்தார், ஏறக்குறைய அதே பணத்தை வாங்கினார். வரித்துறை இது கூலிதான் என்றது. பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும் என்று கோமகன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். வரியைக் குறைக்கும்படி தன் காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்ற வாதத்துக்குப் பல பத்தாண்டுகள் இந்தத் தீர்ப்புதான் துணை. 1981-ல் ராம்சே வழக்கில்தான், ஏற்பாட்டைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்ற பார்வை வந்தது.

இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தோட்டக்காரர் நினைவுதான். வழக்கில் அவர் யார்? கோமகனின் வரி குறைய அவருடைய கூலிக்குப் பெயர் மாறியது. அவர் கையெழுத்துப் போட்டார். மாட்டேன் என்றிருந்தால் வேலை இருந்திருக்குமா? கோமகன் தோற்றிருந்தால்கூட வரி கேட்டு அவர் குடிசைக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் விஷயத்தில் வந்தார்கள். கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் தன் வீரர்களுக்கு இதே மாதிரி அறக்கட்டளை வழியாகக் கடன் கொடுத்தது. 2012-ல் முதல் தீர்ப்பாயம் பெரும்பான்மையாக கிளப் பக்கம் சொன்னது. 2014-ல் மேல் தீர்ப்பாயமும் அதையே சொன்னது. 2015-ல் ஸ்காட்லாந்து நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2017 ஜூலையில் உச்சநீதிமன்றம், வேலைக்கான பணத்தை எந்தக் கைக்குக் கொடுத்தாலும் அது சம்பளமே என்று முடித்தது. ஐந்து வருடத்தில் படித்த நீதிபதிகளே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புப்படி வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டியவர் முதலாளி. ஆனால் எங்கள் முதலாளிகள் யார்? தீவில் பதிவானவர்கள், கலைத்துவிட்டுப் போனவர்கள், புதுப் பெயரில் அடுத்த தெருவில் கடை போட்டவர்கள். அவர்கள் இல்லாத இடத்தில் மிச்சம் இருந்தது நாங்கள்.

2016 பட்ஜெட்டில் அறிவித்து 2017-ல் சட்டமானது 'லோன் சார்ஜ்'. 1999 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய இப்படிப்பட்ட கடன்கள் 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் இருந்தால், அத்தனையையும் அந்த ஒரே வருட வருமானமாகக் கணக்கிட்டு வரி. இருபது வருடக் கூலி ஒரே நாளில் வந்தது போல. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் என்பது அரசின் மதிப்பீடு. ஐ.டி.க்காரர்கள் மட்டும் இல்லை. நர்சுகள், சமூகப் பணியாளர்கள், ஏஜென்சி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்ற நிலையில் இருந்தவர்களும் உண்டு. வரித்துறையிலேயே காண்ட்ராக்டில் வேலை செய்த சிலர் இந்தத் திட்டங்களில் இருந்ததாகத் துறையே ஒப்புக்கொண்டது. கூச்சல் எழுந்து, 2019 டிசம்பரில் சர் அமியாஸ் மோர்ஸ் ஆய்வறிக்கை கொடுத்த பிறகு, 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்களை விட்டுவிட்டார்கள். மீதியை மூன்று வருடங்களுக்குப் பிரித்துக் காட்டலாம் என்றார்கள். அந்தத் தேதியில்தான் இந்தத் திட்டங்களுக்கு எதிரான சட்டம் தெளிவானது என்பது காரணம்.

நான் கையெழுத்துப் போட்டது 2012.

இதை மறைத்து எழுத முடியாது. சட்டம் தெளிவான பிறகு சேர்ந்தவன் நான். எங்கள் திட்டம் அதற்குள் வராது என்றார் விற்பனைக்காரர். நானும் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத ஒன்று உண்டு. இது ஒருபோதும் கடனாக இருந்ததில்லை, கூலிதான் என்கிறது அரசு. சரி, அப்படியென்றால் 2012 கூலிக்கு 2012-லேயே கேட்டிருக்கலாம். வருடக்கணக்குகளைத் திறக்கச் சட்டத்தில் காலக்கெடு உண்டு. பல பேருக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆகவே 2019 ஏப்ரல் 5 அன்று 'கடன் பாக்கி' இருக்கிறது, அந்தப் பாக்கிக்குத்தான் வரி, இது பின்தேதியிட்ட சட்டமே இல்லை என்றார்கள். கடனே இல்லை என்று நிரூபிக்க, கடன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "நீங்க எழுதுனத தானே அவங்களும் எழுதுறாங்க" என்றாள்.

2021-ல் இன்னொரு கடிதம் வந்தது. பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனம். அறக்கட்டளையின் கடன் கணக்குகளை நாங்கள் வாங்கிவிட்டோம், உங்கள் பாக்கி 1,17,600 பவுண்ட், எப்போது தருகிறீர்கள்? வரி கட்டினால் கடன் தீர்ந்துவிடாது. சட்டப்படி இரண்டும் வேறு. கேட்க மாட்டார்கள் என்ற கடனைக் கேட்டுவிட்டார்கள். வழக்கறிஞர் வழியாக ஒரு பதில் போட்டேன். அதற்குப் பிறகு சத்தமில்லை. கடிதம் மட்டும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

*

தொகையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய மனக்குறை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் வரி ஏறத்தாழ 47,000 பவுண்ட் வந்தது. அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆதாயம் 43,000 அளவு. கூடுவாஞ்சேரிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுக் கட்டி முடித்தேன். அந்த மனையே இந்தப் பணத்தில் வாங்கியதுதான். திட்டத்தை விற்றவர்கள் என்னிடம் கமிஷனாக எடுத்தது 27,000-க்குக் கொஞ்சம் குறைவு. அது அவர்களிடமே இருக்கிறது. இப்படித் திட்டம் விற்பது அப்போது குற்றமே இல்லை.

நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. இன்னொருவனைப் பற்றி. அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன், நான் கூப்பிடுவதும் அப்படித்தான். தூத்துக்குடிக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன், டெஸ்டிங் வேலை. 2013 தொடக்கத்தில் அவனுக்கு முதல் காண்ட்ராக்ட் கிடைத்தபோது எந்த அம்பிரெல்லாவில் சேரலாம் என்று என்னிடம் கேட்டான். நான் சொன்னேன். சேர்ந்தான். நான் 2014-ல் நிரந்தர வேலைக்குப் போய்விட்டேன். அவன் 2016 வரை அதிலேயே இருந்தான். வந்த பணத்தில் ஊரில் அக்கா கல்யாணம், வீட்டுக்கு மாடி.

2019 அக்டோபரில் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன். இவரு தூங்குறதே இல்ல." ஸ்லாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குக்கர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் தந்தாள். உள்ளே பழுப்பு உறைகள். இந்த நாட்டில் பழுப்பு உறை என்றால் எங்கிருந்து வந்தது என்று திறக்காமலே தெரியும். பதினாலு உறைகள், ஒன்றும் பிரிக்கப்படவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கினோம். அவன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசித் தாளில் நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு எண் இருந்தது. அந்த மாதம் அவனுக்கு வேலையும் இல்லை.

லோன் சார்ஜோடு தொடர்புள்ளதாக வரித்துறையே கணக்கில் எடுத்துக்கொண்ட தற்கொலைகள் பத்து. அன்று அந்த எண்ணிக்கை முழுதாக எனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஏன் 'தூங்குறதே இல்ல' என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாள் என்பது எனக்குப் புரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவன் கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியாதுடா" என்றேன்.

அந்தப் பதில் பொய்யா? ஆறு வருடமாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டம் தெரியாது, அது உண்மை. லோன் சார்ஜ் வரும் என்று தெரியாது, அதுவும் உண்மை. ஆனால் திருப்பித் தர வேண்டாத பணத்தைக் கடன் என்று எழுதினால் அது பொய் என்று தெரியாதா? என் மனைவிக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அவள் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள், வரிச் சட்டம் படித்ததில்லை. எனக்கும் தெரிந்தது. தெரிந்ததைக் கூட்டிக்கொண்டு அடுத்த படிக்குப் போகவில்லை. அடுத்த படியில் மாதம் 1,800 பவுண்ட் குறையும்.

முழுக்கத் தெரிந்து செய்பவனை நமக்குப் புரியும். தெரியாமல் செய்தவனையும் மன்னிக்க முடிகிறது. நடுவில் நிற்பவனை, கேட்டால் தெரிந்துவிடும் என்பதாலேயே கேட்காமல் இருப்பவனை, எந்தக் கணக்கில் எழுதுவது? எனக்காக மட்டும் அப்படி நின்றிருந்தால் வரியும் வட்டியும் போதும் என்பேன். ஆனால் தம்பி என்னிடம் கேட்டபோது அவன் சந்தேகத்தையும் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என்னை நம்பி. 'அண்ணன் பார்த்திருப்பாரு' என்பது அவன் செய்த ஒரே சட்ட ஆலோசனை. எனக்குப் பின்னால் ஒரு விற்பனைக்காரர், அவருக்குப் பின்னால் ஒரு வழக்கறிஞரின் கருத்து. இப்படி ஒவ்வொருவரும் தன் சந்தேகத்தை முன்னால் நிற்பவர் முதுகில் ஏற்றிவிட்டு வரிசையில் நின்றிருக்கிறோம். முன்னால் நின்றவர்களைக் கோமகனாகவும் என்னைத் தோட்டக்காரராகவும் நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. தம்பி பக்கத்திலிருந்து பார்த்தால் நான் யார்?

இன்னொன்றும் உண்டு. ஆள் சேர்த்துவிட்டதற்கு அவர்கள் எனக்கு 200 பவுண்டுக்கு ஒரு கிஃப்ட் வவுச்சர் கொடுத்தார்கள். அதில் மனைவிக்குக் குளிர்கோட்டு வாங்கினேன். தரையில் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று அதைத்தான் அவள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் சொல்லவில்லை.

*

2025-ல் ரே மெக்கேன் என்ற வரி நிபுணரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. நவம்பர் பட்ஜெட்டோடு முடிவு வந்தது. இன்னும் தீர்க்காதவர்களுக்கு நிலுவை கணிசமாகக் குறைய வழி பிறந்தது. கட்டி முடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. செய்தியைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. மனையை விற்றுக் கட்டினேனே என்ற வயிற்றெரிச்சல். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தவனுக்குத் தள்ளுபடி, பிரித்துப் படித்தவனுக்கு இல்லையா? அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் அவனுக்குப் போன் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். தாள்களை வைத்துக்கொண்டு எவ்வளவு குறையலாம் என்று கூட்டிப் பார்த்தோம். ஆறு வருடத்தில் தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"தம்பி, ஒன்னச் சேத்துவிட்டதுக்கு எனக்கு வவுச்சர் குடுத்தாங்கடா. சொல்லவே இல்ல ஒங்கிட்ட."

அவன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எவ்வளவுண்ணே குடுத்தான்?"

"எரநூறு."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "எனக்கு முந்நூறு குடுத்தாண்ணே" என்றான்.

யாரைச் சேர்த்துவிட்டாய் என்று நான் கேட்கவில்லை.